மந்த வயிறும் மருந்துக் கடையும்

முன்பெல்லாம் ‘கேஸ்’ என்று சொன்னால் கோர்ட்டில் நடக்கும் வழக்கு என்று அர்த்தம். இப்போது அந்தச் சொல் கோர்ட்டை விட்டு வயிற்றுக்குள் குடி புகுந்துவிட்டது. மார்பு கரித்தால் கேஸ். வயிறு உப்பினால் கேஸ். தலை சுற்றினாலும், முதுகு பிடித்துக் கொண்டாலும், தூக்கம் வராவிட்டாலும் அதுவும் கேஸ்தான். கோர்ட்டுக் கேஸுக்காவது ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வயிற்றுக் கேஸுக்கு யாரையும் பார்க்க வேண்டியதில்லை, மருந்துக் கடைக்குப் போய், “வயிறு ஒரே உப்புசமா இருக்கு, ஏதாவது மாத்திரை கொடுங்க” என்று கேட்டால் போதும் என்பது பொது அபிப்பிராயமாக இருந்து வருகிறது.

அப்படிக் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் மாத்திரை பெரும்பாலும் இரண்டு மருந்துகள் சேர்ந்தது. ஒன்று, இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது. மற்றொன்று, மந்தமாய்க் கிடக்கும் இரைப்பையை முடுக்கி, உணவைக் குடலுக்குள் தள்ளச் செய்வது. இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றித்தான் நாம் இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்ல உத்தேசித்திருக்கிறோம். ஏனெனில், தினந்தோறும் லட்சக்கணக்கான வீடுகளில் விழுங்கப்படும் இந்த மருந்துகளைப் பற்றி, விழுங்குகிறவர்களுக்குத் தெரிந்திருப்பது மிகவும் கொஞ்சம்.

இரண்டு ஜில்லாக்கள்

தமிழ் நாட்டின் நடு மத்தியில் பெரம்பலூர், அரியலூர் என்று இரண்டு ஜில்லாக்கள் இருக்கின்றன. பெரம்பலூர் 1995-ம் வருஷத்தில் பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்தது. 2002-ல் மறுபடியும் சேர்ந்தது. 2007-ல் மீண்டும் பிரிந்தது. பாகப் பிரிவினை எத்தனை தடவை நடந்தாலும் இரண்டு ஊர்க்காரர்களின் வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான். வயிற்றுக் கோளாறும் அப்படியே.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையேயுள்ள பெருஞ்சாலைதான் அதற்கு உயிர்நாடி. அரியலூருக்கு ரயிலும் உண்டு. அதைவிட முக்கியமாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டுத் தொழிற்சாலைகளும் உண்டு. இரவு பகல் என்று பாராமல் லாரிகள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. லாரி ஓட்டுகிறவர் எந்த வேளைக்கு எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. பசித்த போது உண்ண முடிவதில்லை. உண்ண முடிந்த போது பசி இருப்பதில்லை. ஆலையில் ‘ஷிப்ட்’ முறையில் வேலை பார்க்கிறவர்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

கிராமங்களிலோ வேறு விதமான மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கரிசல் நிலங்களிலும் மேட்டு நிலங்களிலும் கம்பும் சோளமும் வரகும் விளைந்தன. இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. மக்காச்சோளத்தில் பெரும் பகுதி கோழித் தீவனமாகப் போய்விடுகிறது. விடியற்காலையில் கம்பங்கூழைக் குடித்துவிட்டு ஏர் ஓட்டப் போன பாட்டனாருடைய பேரன், இரவு 11 மணிக்குச் சாலையோரத்தில் பரோட்டாவும் சால்னாவும் உண்டு, அப்படியே போய்ப் படுத்துக் கொள்கிறான். மறுநாள் காலையில் மருந்துக் கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறான். இது இந்த இரண்டு ஜில்லாக்களுக்கு மட்டும் சொந்தமான கதையல்ல. ஆனால் மாறுதலின் எல்லா அம்சங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இங்கே பார்க்கலாம்.

இரைப்பை என்னும் ஆட்டுக்கல்

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அது வேலை செய்ய வேண்டிய இடத்தைச் சற்றுப் பார்ப்போம்.

இரைப்பை என்பது வெறும் பையல்ல. அது ஓர் ஆட்டுக்கல். அதன் மேல் பாகம் உணவு வந்ததும் தளர்ந்து இடம் கொடுக்கிறது. கீழ்ப் பாகம் இறுகி இறுகி உணவை அரைக்கிறது. இந்த இறுக்கம் நிமிஷத்துக்கு 3 தடவை வீதம் ஓர் அலை போல் மேலிருந்து கீழே வருகிறது. தாளம் தவறாமல் இதை நடத்தி வைப்பவை, இரைப்பைச் சுவரிலுள்ள சில விசேஷ உயிரணுக்கள். அவற்றை முதலில் வர்ணித்தவர் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி ரமோன் இ கஹால். 1906-ல் நோபல் பரிசு பெற்றவர். அரைத்த மாவு நன்றாக மசிந்து, 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்த பிறகுதான் வாசற்கதவு அதைக் குடலுக்குள் விடுகிறது. மசியாதது மறுபடியும் உள்ளே திருப்பித் தள்ளப்படுகிறது.

தண்ணீர் குடித்தால் அதில் பாதி சுமார் 20 நிமிஷத்தில் இறங்கிவிடும். சோறும் குழம்பும் கூட்டும் சேர்ந்த சாப்பாடு முழுதும் இறங்குவதற்குச் சுமார் 4 மணி நேரம் ஆகலாம். எண்ணெயும் நெய்யும் மிகுந்தால் இன்னும் தாமதம். கொழுப்பு குடலின் முதற் பகுதியைத் தொட்டவுடனே அங்கிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, “சற்று நிறுத்து” என்று இரைப்பைக்கு உத்தரவு அனுப்புகிறது. ஆகையால், நள்ளிரவில் பரோட்டா உண்டவருக்குக் காலையில் வயிறு கனத்தால், அது வயிற்றின் குற்றமல்ல. வயிறு தன் கடமையைத்தான் செய்திருக்கிறது.

இந்த ரகசியங்களெல்லாம் வெளிப்பட்ட விதம் விசித்திரமானது. 1822-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மாக்கினா என்னும் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற வாலிபன் மீது துப்பாக்கி வெடித்து, வயிற்றில் துவாரம் விழுந்தது. பட்டாளத்து டாக்டர் வில்லியம் போமான்ட் அவனைப் பிழைக்க வைத்தார். ஆனால் துவாரம் மூடவேயில்லை. டாக்டர், பட்டு நூலில் உணவைக் கட்டி அந்தத் துவாரத்தின் வழியாக உள்ளே இறக்கி, எது எவ்வளவு நேரத்தில் ஜீரணமாகிறது என்று வருஷக் கணக்கில் பரிசோதித்து, 1833-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவன் கோபமாயிருக்கும் போது ஜீரணம் கெடுவதையும் அவர் கண்ணாரக் கண்டார். பிறகு, எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட சில வருஷங்களுக்குள், வால்டர் கானன் என்ற அமெரிக்க மாணவர் பூனைக்கு உணவு கொடுத்து, அதன் இரைப்பை அசைவதை எக்ஸ்ரே மூலம் பார்த்தார். பூனை மிரண்டாலும் சீறினாலும் இரைப்பை அசைவு அப்படியே நின்று போயிற்று. சாப்பிடும் போது குழந்தைகளைத் திட்டக்கூடாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வது எக்ஸ்ரேக்கு வெகு காலம் முந்திய விஞ்ஞானம்.

சுண்ணாம்பு வேறு, முடுக்குவது வேறு

அஜீரணம் என்று ஒரே பெயரால் நாம் சொல்வது உண்மையில் பல வியாதிகள். அமிலம் மிகுந்து மார்பு கரிப்பது ஒன்று. இரைப்பை மந்தப்பட்டு, நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்து போவதும், உண்டு வெகு நேரமாகியும் கனமாயிருப்பதும், குமட்டுவதும் மற்றொன்று. இரைப்பையில் புண் இருப்பது மூன்றாவது. ஒன்றுக்கு உரிய மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

முதலாவதற்கு மிகப் பழமையான மருந்து எங்கே இருக்கிறது தெரியுமா? அரியலூர்க்காரர்களின் காலடியில் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரதேசம் கடலாயிருந்தது. கடல் பிராணிகளின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் 18 மீட்டர் நீள மரம் அந்தக் காலத்து ஞாபகச் சின்னமே, டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் என்ற தமிழ் நாட்டுப் புவியியல் நிபுணர் 1940-ல் அதை உலகத்துக்கு அறிவித்தார். சுண்ணாம்புக்கல்லுக்கு ரசாயனத்தில் கால்சியம் கார்பனேட் என்று பெயர். சுத்தம் செய்த கால்சியம் கார்பனேட்டைத்தான் மேல் நாட்டார் மாத்திரையாக்கி, அமிலத்தை முறிப்பதற்கு மெல்லுகிறார்கள். நம் சித்த வைத்தியர்கள் சங்கையும் முத்துச் சிப்பியையும் நீற்றிப் பற்பமாக்கிக் குன்மத்துக்குக் கொடுத்தார்கள். அதுவும் சுண்ணாம்பு இனமே. (சிமெண்டுக் கல்லை உடைத்து யாரும் வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்!)

ஆனால் சுண்ணாம்பு அமிலத்தை முறிக்குமே தவிர, மந்தமான இரைப்பையை நடக்க வைக்காது. அதற்கு நம் நாட்டார் கையாண்டது சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், பெருங்காயம் முதலியவை. சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஏலம் ஐந்தும் சேர்ந்த பஞ்ச தீபாக்கினி சூரணத்தின் பெயரே அதன் வேலையைச் சொல்லுகிறது: அக்கினியைத் தீபம் போல் ஏற்றுவது. தீபாவளிப் பட்சணத்தை வழிக்குக் கொண்டு வர, அன்று அதிகாலையிலேயே லேகியத்தை உருட்டிக் கொடுக்கும் வழக்கத்தில் எவ்வளவு முன் யோசனை இருக்கிறது! இஞ்சி இரைப்பை காலியாவதைத் துரிதப்படுத்துகிறது என்று இந்தக் காலத்துப் பரிசோதனைகள் சிலவற்றிலும் தெரிய வந்திருக்கிறது.

மேல் நாட்டு முடுக்கிகள்

ஐரோப்பாவில் இந்தத் துறையில் முதல் பெரிய மருந்து 1964-ம் வருஷத்தில் பிரான்ஸில் வெளிவந்த மெட்டோகுளோப்பிரமைடு. இரைப்பையின் நரம்புகளில் டோபமின் என்ற ஒரு பொருள் அசைவைத் தடுக்கும் வேலையைச் செய்கிறது. அந்தத் தடையை இந்த மருந்து நீக்குகிறது. மாட்டின் கழுத்தில் பூட்டிய கட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி, இரைப்பை சுறுசுறுப்படைகிறது, வாந்தியும் நிற்கிறது.

ஆனால் டோபமின் வயிற்றில் மட்டும் இருக்கும் பொருளல்ல, மூளையிலும் இருக்கிறது. அங்கே அது நம் அங்க அசைவுகளைச் சீராக வைத்திருக்கிறது. மெட்டோகுளோப்பிரமைடு மூளைக்குள்ளும் புகுந்து அங்கேயும் கைவரிசையைக் காட்டுகிறது. அதனால் சிலருக்கு, முக்கியமாக வாலிப வயதினருக்கு, கழுத்தும் தாடையும் திடீரென்று இழுத்துக் கொள்ளும். மாதக் கணக்கில் சாப்பிடுகிற முதியவர்களுக்கு, வாயும் நாக்கும் தாமாகவே அசையும் நோய் வரலாம். மருந்தை நிறுத்திய பிறகும் அது போகாமலே இருந்துவிடலாம். இதற்காக அமெரிக்க சர்க்கார் 2009-ல் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்தோடு அச்சிடச் செய்தார்கள். ஐரோப்பாவில் 2013-ல் 5 நாளைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று விதித்தார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்க, பெல்ஜியம் தேசத்து டாக்டர் பால் ஜான்ஸனுடைய ஆராய்ச்சி சாலையில் 1974-ல் டோம்பெரிடோன் உண்டாயிற்று. இது மூளைக்குள் அதிகம் புகுவதில்லை. ஆகவே உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் ‘கேஸ் மாத்திரை’ என்று விற்கும் கூட்டு மருந்துகள் மிகப் பலவற்றில் அமிலக் குறைப்பானோடு ஒட்டிக் கொண்டிருப்பது இதுதான். ஆனால் இதற்கும் ஒரு குறை இருந்தது. சிலருக்கு இது இருதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கிறது. ஊசி மூலம் கொடுத்த போது மரணங்கள் நேர்ந்ததால், ஊசி மருந்தை 1980-களிலேயே கைவிட்டார்கள். மாத்திரை விஷயத்தில் 2014-ல் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள், வேளைக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு 3 வேளைக்கு மேல் கூடாது, சாதாரணமாக ஒரு வாரத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அதே வருஷத்தில் இங்கிலாந்தில் டாக்டர் சீட்டில்லாமல் அதை விற்பது நின்றது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே அளிக்கவில்லை.

எல்லாவற்றிலும் துக்ககரமானது சிஸாப்ரைடு என்ற மருந்தின் சரித்திரம். அதுவும் அதே ஆராய்ச்சி சாலையில் பிறந்ததுதான். 1993-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து அமோகமாக விலை போயிற்று. 1999-ம் வருஷ முடிவுக்குள் அதைச் சாப்பிட்டவர்களில் 341 பேருக்கு இருதயத் தாளம் கெட்டதாகவும், அவர்களில் 80 பேர் இறந்ததாகவும் அமெரிக்க அதிகாரிகளுக்குத் தகவல் வந்தது. 2000-ம் வருஷத்தில் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. நம் இந்தியாவிலோ 2011 பிப்ரவரியில்தான் அது தடை செய்யப்பட்டது. நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிட்ட மருந்தினால் நெஞ்சே நின்று போகக்கூடும் என்று தெரிந்து 11 வருஷம் கழித்து! நம்முடைய உயிர் மற்றவர்களுடைய உயிரைவிட மலிவானதா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

இன்னொரு மருந்தையும் குறிப்பிட வேண்டும். லெவோசல்பிரைடு என்பது ஆதியில் மனோ வியாதிகளுக்குரிய மருந்து வகுப்பைச் சேர்ந்தது. நம் நாட்டில் அமிலக் குறைப்பானோடு சேர்த்து வயிற்று மந்தத்துக்கும் விற்கப்படுகிறது. மாதக் கணக்கில் இதைச் சாப்பிடும் முதியவர்களுக்குக் கை நடுங்கும்; நடை தளரும்; முகம் பொம்மை போல் இறுகும். வீட்டிலுள்ளவர்கள், “வயசாகிவிட்டது” என்று சொல்லிப் பேசாமலிருப்பார்கள். அல்லது நடுக்க வாதம் என்று அதற்கும் ஒரு மருந்து ஆரம்பமாகும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நடுக்கம் குறைந்துவிடும். ஆனால் மருந்துதான் காரணம் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! இந்த இனத்து மருந்துகளால் பெண்களுக்கு மாத விலக்குத் தவறுவதும், பிரசவிக்காத பெண்ணுக்குப் பால் சுரப்பதும் உண்டு. விஷயம் தெரியாத குடும்பத்தில் அது எத்தகைய கலக்கத்தை உண்டாக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது?

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. பிரிட்டிஷார் காலத்தில் கலப்பட மருந்துகள் வெள்ளமாய்ப் பெருகியதைப் பார்த்து, 1930-ல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி நியமிக்கப்பட்டது. அதன் சிபாரிசு பத்து வருஷம் தூங்கி, 1940-ல் மருந்துச் சட்டமாக எழுந்தது. 1945-ல் விதிகள் பிறந்தன. அந்த விதிகளில் ‘எச்’ பட்டியல் என்று ஒன்று உண்டு. அதிலுள்ள மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக்கூடாது. டோம்பெரிடோன், மெட்டோகுளோப்பிரமைடு இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளவையே. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. வாங்குகிறவர் அதைப் படிப்பதில்லை. விற்கிறவர் அதை நினைவூட்டுவதில்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. செந்துறைப் பக்கத்து முந்திரித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவருக்கு, அரை நாள் கூலியை இழந்து டாக்டரிடம் காத்திருப்பதைவிட, மருந்துக் கடையில் சில ரூபாய் கொடுப்பது சுலபமாயிருக்கிறது. ஆனால் நிலைமை முன் மாதிரி இல்லை. அரியலூரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2021-ல் ஆரம்பமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்கப் பணம் கேட்பதில்லை. வயிற்று மந்தத்தை நான்கு வாரமாகச் சுமப்பவர் ஒரு காலை வேளையை அங்கே செலவிடுவது நஷ்டமாகாது.

யாருக்கு மருந்து வேண்டும்?

இவ்வளவும் சொன்னதனால் இந்த மருந்துகளே விஷம் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. உண்மையில் தேவையானவர்கள் உண்டு. பல வருஷம் நீரிழிவால் கஷ்டப்பட்டவர்களுக்கு இரைப்பையை நடத்தும் நரம்பு பழுதாகி, காலையில் உண்டது இரவிலும் வயிற்றில் கிடக்கும். இன்சுலினைப் போட்டுக் கொண்டிருப்பார்கள். ஆனால் உணவு இரத்தத்தில் வந்து சேராது. சர்க்கரை ஒரு சமயம் பாதாளத்துக்கும் ஒரு சமயம் ஆகாயத்துக்கும் போகும். இவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும் முடுக்கி மருந்து பெரிய உபகாரம் செய்கிறது. கடுமையான வாந்திக்குச் சில நாள் கொடுப்பதும் நியாயமே. நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் அண்மையில் பிரசித்தி பெற்றுள்ள சில ஊசி மருந்துகள் இரைப்பையின் வேகத்தைக் குறைப்பவை. அவற்றைப் போட்டுக் கொள்பவர்கள் வயிறு மந்தித்தால் அந்த விஷயத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு இந்த மருந்தினால் வரும் பலன் சுமாரானது. ஓரிரு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் மாதக் கணக்கில் தொடர்வதில் பிரயோஜனமில்லை. அபாயம் மட்டும் வளரும்.

அபாயம் வளரும் ஒரு வழியை விசேஷமாகச் சொல்ல வேண்டும். இரைப்பைப் புண்ணுக்கு ஒரு கிருமி காரணம் என்பதை ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்து 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமியைக் கொல்லக் கொடுக்கும் மருந்துகளில் கிளாரித்ரோமைசின் ஒன்று. அதையும் டோம்பெரிடோனையும் சேர்த்துச் சாப்பிட்டால், முன்னது பின்னதை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தடுத்து, இருதயத்துக்குத் தீங்கு செய்யும். எரித்ரோமைசினும், பூஞ்சைக் காளான் நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் இப்படியே. டாக்டர் எழுதிய சீட்டு ஒரு பக்கம், கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை மறுபக்கம் என்று இருந்தால், இரண்டும் வயிற்றில் சந்தித்துக் கொள்வது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கேஸ் என்று நினைத்தது

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். மாரடைப்பு வரும் போது எல்லோருக்கும் சினிமாவில் வருவது போல் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு விழ நேர்வதில்லை. சிலருக்கு மேல் வயிற்றில் ஒரு கனம், சற்று வியர்வை, ஒரு குமட்டல், தாடையிலோ இடது கையிலோ ஒரு வலி. அவ்வளவுதான். நீரிழிவுக்காரர்களுக்கு வலியே தெரியாமலிருப்பதும் உண்டு. “ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லி, ஒரு மாத்திரையும் ஒரு சோடாவும் குடித்துவிட்டுப் படுத்துக் கொள்கிறார்கள். இருதயத்தைக் காப்பாற்றக்கூடிய முதல் சில மணி நேரம் அப்படியே போய்விடுகிறது.

ஆகையால், நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கும், நீரிழிவு, இரத்த அழுத்தம், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் வழக்கமில்லாத மேல் வயிற்றுக் கனமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால், மருந்துக் கடைக்குப் போகக்கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும். 2023-ல் தமிழ் நாட்டு சர்க்கார் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை இருதய மாத்திரைகள் இருப்பு வைக்கப்பட்டிருக்கின்றன. அது கேஸாகவே இருந்து போகட்டும். ஒரு தடவை வீணாகப் போய் வந்ததற்காக யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இவற்றைத் தவிர, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலும், விழுங்கும் போது அடைத்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும், மலம் தார் போல் கறுத்தாலும், 50 வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் ஆரம்பித்தாலும், இரைப்பைக்குள் கருவியை விட்டுப் பார்த்துவிடுவது அவசியம். புற்று நோயை மாத்திரையால் மூடி மறைத்து வைப்பது பெரிய துரோகம்.

வீட்டில் செய்ய வேண்டியது

சாதாரண மந்தத்துக்குச் சிகிச்சை நம் கையிலேயே இருக்கிறது. இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணிக்கு முன்னால் முடிப்பது, ஒரே வேளையில் வயிறு புடைக்க உண்பதற்குப் பதிலாகக் கொஞ்சமாகப் பல வேளை உண்பது, எண்ணெயைக் குறைப்பது, நன்றாக மென்று தின்பது, உண்ட பின் பத்து நிமிஷம் காலாற நடப்பது. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தின் பெருமையைக் குறைக்க நமக்கு மனமில்லை. ஆனால் வெங்காயத்திலுள்ள ஒருவகைச் சர்க்கரை குடலில் புளித்துச் சிலருக்கு வாயுவை உண்டாக்குவது உண்மை. அப்படிப்பட்டவர்கள் அளவோடு இருக்கட்டும். மோரும் சுக்குத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் ஒருவரையும் கெடுத்ததில்லை.

நம் நாட்டு மருந்துகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. 1921-ல் சென்னை சர்க்கார் முகம்மது உஸ்மான் தலைமையில் சுதேச வைத்தியத்தைப் பற்றி விசாரிக்க ஒரு கமிட்டி நியமித்தார்கள். அதன் பயனாக 1925-ல் சென்னையில் இந்திய வைத்தியக் கலாசாலை ஏற்பட்டது. 2005-ல் தாம்பரத்தில் தேசிய சித்த வைத்திய ஸ்தாபனம் திறக்கப்பட்டது. ஜப்பானில் இஞ்சியும் இன்னும் சில மூலிகைகளும் சேர்ந்த ‘ரிக்குன்ஷிதோ’ என்ற பழைய மருந்தை நவீன முறையில் பரிசோதித்து, இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். நம் பஞ்ச தீபாக்கினிக்கு அந்த யோக்கியதை வராமலிருக்க வேண்டிய காரணம் ஒன்றுமில்லை. பழமையானது என்பதற்காகப் பூஜிப்பதும் வேண்டாம். சுதேசி என்பதற்காக ஒதுக்குவதும் வேண்டாம். பரிசோதித்துப் பார்த்து, பலித்ததை ஏற்றுக்கொண்டால் போதும்.

அது வரையில் வாசகர்கள் ஒரு சிறு காரியம் செய்யலாம். இன்று மாலையே வீட்டு அலமாரியில் இருக்கும் வயிற்று மாத்திரை அட்டையை எடுத்து, பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். டோம்பெரிடோன், மெட்டோகுளோப்பிரமைடு, லெவோசல்பிரைடு என்ற பெயர்களில் ஒன்று அதில் இருக்கிறதா? வீட்டில் யாராவது டாக்டரைக் கேட்காமல் அதை ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிட்டு வருகிறார்களா? பெரியவர்களுக்குக் கை நடுக்கம் புதிதாக வந்திருக்கிறதா? ஆம் என்றால், அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, மற்ற மருந்துகளின் சீட்டையும் எடுத்துக் கொண்டு, நாளைக் காலையில் டாக்டரிடம் போய் வாருங்கள்.